இடது முன்டயர்

க்ர்ர்க். அங்கேயேதான். ரிமோட்டின் சின்னச் சக்கரத்தை இடப்பக்கம் முழுசாகத் திருப்பி, இதற்கு மேல் திரும்பாது என்று விரல் நிற்கிற அந்தக் கடைசி நூலில், இடது முன்டயர் எங்கோ போய் உரசுகிறது. சிபி நேராக்கினான், சத்தம் இல்லை, திருப்பினான், க்ர்ர்க், நேராக்கினான், திருப்பினான், க்ர்ர்க். "சொல்லுங்க, எத்தன நாளா இருக்கு? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்று டாக்டர் குரலில் வண்டியைக் கேட்டான், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு மேலாகப் பார்க்கிற டாக்டர், எதைச் சொன்னாலும் ம்ம் என்று எழுதிக்கொள்கிற டாக்டர், ஆனால் நோயாளி வாயைத் திறக்காமல் க்ர்ர்க் என்றது. மணி ஒன்று ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடையில் யாரும் இல்லை, ஷட்டர் முக்கால்வாசி இறங்கிக் கிடக்கிறது, அதற்குக் கீழே ஒரு முழ உயரத்துக்கு வெயில் உள்ளே வந்து தரையில் படுத்திருக்கிறது, வார்னிஷ் வாசனை தொண்டையில் ஒட்டுகிறது, மேஜைமேல் முழங்கை நீளத்துக்கு அந்த வண்டி. பாறை ஏறுவதற்கென்றே செய்த ரிமோட் ஜீப். கிராலர் என்று சொன்னால் கேட்கிறவர்கள் எவ்வளவு வேகம் போகும் என்பார்கள், வேகமே போகாது, கிழட்டு ஆமை மாதிரி ஒவ்வொரு சக்கரமாக யோசித்து யோசித்துக் கல்மேல் வைத்து ஏறும், அதுதான் அதன் பெருமை, அதற்குத்தான் அவனும் அல்தாஃபும் எட்டு மாதம் உயிரை விட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய டயரின் உயரம் நூற்றியெட்டு மில்லிமீட்டர். சிபி தனியாக மாட்டிய இந்தப் புது டயர் நூற்றியிருபது. பெரிய டயர் பெரிய கல்லை ஏறும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பெரிய டயர் பெரிதாக உரசும் என்பது மாட்டிய பிறகுதான் சிபிக்குத் தெரிந்தது. அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தான், சும்மா, ஒரு சோகமான பின்னணி இசையோடு, அதைப் பார்த்துத்தான் பதிமூன்று நாள் ஒரு எழுத்துகூட அனுப்பாத அல்தாஃப் நேற்று மத்தியானம் மூன்று வரி அனுப்பியிருந்தான். நாளைக்கு நாலு மணிக்கு வீட்டுக்கு வா. வண்டியோட வா, உரசக் கூடாது. அம்மா இருப்பாங்க. முதல் வரியைப் படித்ததும் சிபி எம்பிக் குதித்து மேலே ட்யூப்லைட்டில் கை இடித்துக்கொண்டான். மூன்றாவது வரியில் உட்கார்ந்துவிட்டான். அம்மா இருப்பாங்க. இருக்கட்டும், அவர்கள் வீட்டில் அவர்கள் இருக்காமல் யார் இருப்பார்கள், ஐந்து மணிக்குக் கல்லுக்குழியில் போட்டி, அல்தாஃப் வருகிறான் என்றுதானே இதற்கு அர்த்தம், அதைப் பிடித்துக்கொள், மற்றதை விடு, டயரைப் பார். க்ர்ர்க்.

உரசுகிற இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. சக்கரத்துக்கு மேலே குடை மாதிரி வளைந்திருக்கிற பாடியின் விளிம்பில் ரப்பர் தேய்ந்த கருப்பு, அதுதான், அதை வெட்டினால் போச்சு, வளைந்த கத்திரியை எடுத்து வைத்துக்கொண்டு சிபி கொஞ்ச நேரம் சும்மா நின்றான், ஏனென்றால் அந்தப் பாடிக்கு உள்பக்கமாக பெயின்ட் அடித்தது அல்தாஃப். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் அது, உள்ளே அடித்தால்தான் வெளியே பளபளக்கும், முதலில் எழுத்து, அப்புறம் கோடு, கடைசியில்தான் அடிநிறம், எல்லாம் தலைகீழ், ஒரு வாரம் ஸ்கூல் விட்டு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான், இடது சக்கரத்துக்கு மேலே கடுகு அளவில் சிபி, அல்தாஃபு என்று இரண்டு பேர் பேரும் இருக்கிறது. வெட்டினால் அல்தாஃபின் ஃபு போகும். சிபியின் சி பக்கத்தில்கூட வராது. "பாருங்க மக்களே, நம்ம இன்னிக்கி என்ன பண்ணப் போறம்னா, நண்பனோட கடைசி எழுத்த அறுக்கப் போறோம், பிடிச்சிருந்தா லைக் போடுங்க" என்று யூடியூப்காரன் குரல் தானாக வந்தது, அவன் அதை அடக்கவில்லை, அடக்கினால் வேறு ஒன்று வரும். அறுத்தான். ஓரத்தை அரத்தால் ராவினான். மேஜையின் பவர் சப்ளையிலிருந்து சிவப்பும் கருப்புமாக இரண்டு வயர் வண்டிக்குள் போகிறது, பேட்டரியைத் தொடவில்லை, முழுசாக சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்திருக்கிறான், ஐந்து மணிக்கு அதில் ஒரு சொட்டு குறையக் கூடாது. திருப்பினான். சத்தம் இல்லை. எரிந்துபோன மோட்டார் கூடு ஒன்றை இடது சக்கரத்துக்கு அடியில் கல் மாதிரி நகர்த்தி, சக்கரம் மேலே ஏறி ஸ்பிரிங் அமுங்கினதும் திருப்பினான். க்ர்ர்க். இது வேறு க்ர்ர்க். கொஞ்சம் தடித்த க்ர்ர்க். குனிந்து பார்த்தால் டயரின் உள்கன்னம், அச்சை வண்டியோடு இழுத்துப் பிடிக்கிற கம்பியில் போய் முட்டுகிறது. அதாவது உரசல் ஒன்று இல்லை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டு நின்றிருக்கிறது, முதலாவது போனதும் இரண்டாவது நான்தான் சார் என்று கை தூக்குகிறது. அல்தாஃப் இருந்தால் தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண்ணை மூடி, எங்கே எத்தனை நூல் இடைவெளி என்று சொல்லிவிடுவான். அதுதான் அவன் வேலை. கல்லுக்குழிப் போட்டியில் ஓட்டுகிறவன் சுண்ணாம்பு வட்டத்தைவிட்டு ஒரு கால் வெளியே வைக்கக் கூடாது, வண்டி இருபது அடி தள்ளிப் பாறைக்குப் பின்னால் போய்விடும், டயர் எதன்மேல் நிற்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கிற ஜோடிக்காரன்தான் கண், அவன் வண்டியைத் தொடக் கூடாது, வாயால் சொல்லலாம், அவ்வளவுதான். "இடது. இடது. இன்னும் ஒரு வெரக்கட. நில்லு. மூச்சு விடு. இப்பப் போ." ஒரே ஒரு விரல் அகலத்தைச் சொல்லும்போதும் அந்தக் குரலில் அவசரமே இருக்காது. போன ஞாயிறு சிபி தனியாகக் கல்லுக்குழிக்குப் போய் ஓட்டிப் பார்த்தான், அல்தாஃப் குரலை அவனே பேசிக்கொண்டு. அச்சு அசலாக வந்தது. இடது, இடது, இன்னும் ஒரு வெரக்கட என்று அச்சு அசலான குரல் சொல்லச் சொல்ல வண்டி தலைகுப்புறப் போய் விழுந்தது, ஏனென்றால் குரல்தான் அல்தாஃபுடையது, கண் சிபியுடையது, கண் வட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

சரி, சக்கரத்தையே வெளியே தள்ளு. அச்சு நுனியில் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு அறுகோணத் துண்டு இருக்கும், அதில் தடித்ததாக ஒன்றைப் போட்டால் சக்கரம் ஐந்து மில்லி வெளியே வந்துவிடும், டப்பாவைக் கவிழ்த்துத் தேடினான், நாலு கிடைத்தது, நாலில் ஒன்றின் ஊசி காணோம், ஊசி என்றால் சோற்றுப் பருக்கையில் பாதி, தரையில் விழுந்தால் கடவுளாலும் எடுக்க முடியாது, விழுந்திருக்கிறது, தேடினான், காந்தத்தைக் கட்டி இழுத்தான், காந்தத்தில் இந்தக் கடை ஆரம்பித்த நாளிலிருந்து விழுந்த இரும்புத்தூள் எல்லாம் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது, ஊசி வரவில்லை. "அடுத்து ஊசி. ஊசி எறங்குறவிங்க எல்லாம் முன்னுக்கு வாங்க" என்று கண்டக்டர் குரல் கூப்பிட்டது. குண்டூசியை நறுக்கிச் சொருகினான். சக்கரம் வெளியே வந்தது, கம்பியில் முட்டவில்லை, அப்பாடா என்று திருப்பினான், க்ர்ர்க், வெளியே வந்த டயர் இப்போது முன் பம்பரின் மூலையைக் கவ்வுகிறது. பம்பரின் மூலையை அறுத்தான். அறுத்ததும் சக்கரக் குடையின் பின்பக்கம். உள்ளே இழுத்தால் கம்பி, வெளியே தள்ளினால் குடை, மேலே தூக்கினால் பாடி பனைமரத்தில் உட்கார்ந்த மாதிரி ஆடி முதல் கல்லிலேயே சாயும். ரிமோட்டைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது, அடித்தால் உடையும், உடைந்தால் போக வேண்டாம், டேய், என்ன யோசனை இது, கையை உதறினான். ஷட்டருக்கு அடியில் வெயிலில் இரண்டு கால் வந்து நின்றது, கொலுசு இல்லாத கால், அக்கா மிருதுளா, கையில் தட்டோடு குனிந்து உள்ளே வந்தாள். "அம்மா மூணு வாட்டி கூப்ட்டாச்சு. கோழிக் கொழம்பு. தின்னுட்டு உருட்டு." தட்டை வைத்துவிட்டுப் போகாமல் வண்டியைப் பார்த்தாள். "என்றா, இன்னும் உரசுதா?" "உரசுது." "எத்தன மணிக்குப் போகோணும்?" "நாலு." "உரசலீன்னா போயிருவியா?" "போவேன்." "அப்ப ரிமோட்ல அந்தத் திருப்பத்தக் கொஞ்சம் கொறச்சு வெய்யி. முழுசாத் திரும்புனாத்தான உரசும்? அல்தாஃபு ஒருக்கா அப்பிடித்தான் பண்ணுனான், நானே பாத்தேன். முடிஞ்சுது சோலி." "அப்பறம் மூணாவது கேட்ல வளைக்க முடியாதுக்கா. ரெண்டு குச்சிக்கு நடுவால போகோணும். உனக்குத் தெரியாது." "அட, மூணாவது கேட்டு. நீ மொதோ கேட்டுக்கே போகப் போறதில்ல. நாஞ் சொல்றது அவிங்கூட்டு கேட்ட." சிபி உடனே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உதட்டை ஒரு பக்கம் இழுத்து, "நானே பாத்தேன், முடிஞ்சுது சோலி" என்றான், அவள் குரல், மூக்கில் ஏறி இறங்குகிற அதே குரல். மற்ற நாளாக இருந்தால் தட்டால் அடித்துவிட்டுச் சிரித்திருப்பாள். இன்றைக்கு அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "இதாண்டா. இதப் பண்ணித்தான் இங்க வந்து உக்காந்திருக்க. நீயா ஒரு வார்த்த பேசறதுக்குள்ள நாலு பேரு வந்தர்றாங்க உன் வாய்க்குள்ள இருந்து." குனிந்து வெளியே போய்விட்டாள். கால் மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. கோழிக் குழம்பில் எண்ணெய் மிதந்து ஓரத்தில் ஆடை கட்டியது.

சாப்பிடவில்லை. ஷாக்கைக் கழற்றினான், விரல் நீளத்தில் எண்ணெய் நிரப்பிய குழாய், அதற்குள்ளே ஒரு ரப்பர்த் துண்டைப் போட்டால் சக்கரம் ஓரளவுக்கு மேல் எழும்பாது, எழும்பாவிட்டால் உரசாது, மூன்று மில்லி வெட்டிப் போட்டான், எண்ணெய் கை முழுக்க, குமிழ் போகிற வரை மேலும் கீழும் ஆட்டவேண்டும், ஆட்டினான், ஆட்டும்போது மூளைக்கு வேலை இல்லை, வேலை இல்லாத மூளை போகக் கூடாத இடத்துக்குத்தான் போகும். ஒரு வெள்ளிக்கிழமை. லீவு நாள். இதே கடை, இதே ஸ்டூல், அப்பா சாப்பிடப் போயிருந்தார், கடையின் பழைய ஃபோன் சும்மா கிடந்தது. அல்தாஃபின் அப்பா, அத்தா என்றுதான் அவன் கூப்பிடுவான், மஸ்கட்டில் தண்ணி லாரி ஓட்டுகிறார், ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, நெட் வழியாகப் பேசுவார், ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் வரும், எந்த நம்பர் வந்தாலும் அவராக இருக்கலாம். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வண்டி கட்டிய சாயங்காலங்களில் ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு அந்தக் குரல் சிபிக்கு மனப்பாடம், முதலில் ஒரு கனைப்பு, அப்புறம் ஒரு "அப்ப்புறம்", பேச எதுவும் இல்லாதவர் போலவும் எல்லாவற்றையும் பேச வேண்டியவர் போலவும். அல்தாஃபைப் பதறவைக்க வேண்டும், அவ்வளவுதான், "ஏண்டா, மார்க்கு எவ்வளவுடா" என்று ஒரு அதட்டல், அவன் திணறுவான், அப்புறம் சிரிப்பு, கெட்ட வார்த்தை, சுபம். அல்தாஃப் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தொழப் போயிருந்தான் என்று யாருக்குத் தெரியும். எடுத்தது அவன் அம்மா. சிபி ஏற்கெனவே கனைத்துவிட்டிருந்தான். "என்னங்க? இந்நேரத்துல? டூட்டி இல்லீங்களா?" அந்த இடம். அங்கேதான் நிற்கவேண்டும், அம்மா நான் சிபிங்க என்றிருக்கவேண்டும், மூன்றே சொல், வாயில் இருந்தது, நாக்கில் வந்தே விட்டது, ஆனால் தொண்டையில் வேறு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், அவர் "இல்லம்மா, லீவு" என்றார். "சாப்ட்டீங்களா?" "ம், ஆச்சு." "இருமல் இருக்குதாட்டம் இருக்கு." "தூசி." எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தது, சிபி தேடவேயில்லை, குரலுக்குள்ளேயே பதிலும் இருந்தது, எவ்வளவு சுலபமாக, எவ்வளவு சரியாக, கேவலம், கையெல்லாம் வேர்க்க வேர்க்க உள்ளே ஒரு மூலையில் ஒருத்தன் ஆகா பிரமாதம் என்று கைதட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த அம்மா கேட்டார், குரல் இறங்கிப்போய், கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதனால் பதிலை எதிர்பார்க்காமல், "எப்பத்தான் வருவீங்க?" அதற்கு சிபி, சிபி இல்லை அவர், இல்லை சிபிதான், "இருபத்தஞ்சாந்தேதி" என்றான். ஏன். ஷாக்கை ஆட்டிக்கொண்டே கேட்டான், ஏன்டா, வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே, பார்க்கலாம்மா என்றிருக்கலாம், சிக்னல் இல்லை என்று வைத்திருக்கலாம். நாலு நிமிஷம் பதினோரு விநாடி. கடை ஃபோனில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது, அழிக்கப் போனால் விரல் போக மாட்டேன் என்கிறது. இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை அத்தாவே கூப்பிட்டார், எவன் சொன்னது, நான் எங்கே பேசினேன் என்றார். வெள்ளிக்கிழமை வந்த நம்பர் இந்தக் கடை நம்பர் என்று கண்டுபிடித்து அன்று சாயங்காலம் அல்தாஃப் இதே ஷட்டருக்கு வெளியே வந்து நின்றான், உள்ளே வரவில்லை, திட்டவில்லை, "எங்கம்மா ரெண்டு நாளா பாட்டுப் பாடிட்டே வேல செஞ்சாங்கடா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஒரு அடி அடித்திருக்கலாம். இப்போது போய் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது. மன்னிச்சிருங்க ம்மா, என்று ஷாக்கைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். ஹெட்மாஸ்டர் குரலில் வந்தது. மன்னிச்சிருங்க ம்மா. சீரியலில் காலில் விழுகிற மாமியார். மறுபடி. மேடையில் மைக்கைத் தட்டிப் பார்க்கிறவர். மறுபடி. தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தச் சொல்கிற பெண். ஷாக்கின் மூடியைத் திருகினான், புரி ஏறி நெளிந்தது, கழற்றினான், மறுபடி திருகினான், நெளிந்தது.

மூன்று பத்துக்கு எல்லாம் மாட்டி முடித்தான். மோட்டார் கூட்டின்மேல் சக்கரத்தை ஏற்றித் திருப்பினான், சத்தம் இல்லை. இடது, வலது, முழு இடது. இல்லை. காதை வண்டியில் வைத்துக் கேட்டான், உள்ளே ஸ்டீயரிங் மோட்டார் கொசு மாதிரி முனகுவது தவிர எதுவும் இல்லை. கடைசியாக ஒரு தடவை நிஜப் பேட்டரியோடு பார்த்துவிடலாம் என்று வயர்களைப் பிடுங்கிவிட்டு அலமாரியிலிருந்து பேட்டரியை எடுத்து முன்அச்சுக்கு மேலே அதன் தொட்டிலில் வைத்துப் பட்டையை இழுத்துக் கட்டினான், வண்டி முன்பக்கம் ஒரு கும்பிடு போட்டு இறங்கியது, சிபி பார்த்துக்கொண்டே இருந்தான். கும்பிடு போட்டு, அப்படியே நின்றது. கால் கிலோவுக்கும் மேல். மூக்கு ஆறு மில்லி கீழே. திருப்பினான். க்ர்ர்க். கல்லில் ஏற்றவே வேண்டாம், சமதரையிலேயே, பாதித் திருப்பத்திலேயே, க்ர்ர்க். அடச் சே. அடச் சே சே சே. மத்தியானம் முழுக்க, பாடியை வெட்டியது, அல்தாஃபின் ஃபு-வை அறுத்தது, குண்டூசியை நறுக்கியது, பம்பரை மழித்தது எல்லாமே பேட்டரி இல்லாமல் தலை நிமிர்ந்து நின்ற வண்டிக்கு, அப்படி ஒரு வண்டி ஐந்து மணிக்குக் கல்லுக்குழியில் ஓடப்போவதே இல்லை, ஓட்டப்போகிற வண்டிக்கு அவன் ஒரு அளவும் எடுக்கவில்லை. வீட்டில் பேட்டரி போட்டுப் பார்க்கிற எவனும் இதைச் செய்திருக்க மாட்டான், மேஜைமேல் பவர் சப்ளை வைத்திருக்கிற வைண்டிங் கடைக்காரன் மகன்தான் செய்வான். அரத்தைத் தூக்கி எறிந்தான், அது பழைய செம்புக்கம்பி காயில் மூட்டையில் போய் மெத்தென்று விழுந்தது, சத்தம்கூடத் திருப்தியாக இல்லை. கத்தினான். எந்தக் குரலிலும் இல்லாத ஒரு கத்தல், நாய்க்குட்டி மிதிபட்ட மாதிரி, அதைக் கேட்டு அவனே கொஞ்சம் பயந்தான். மூன்றரை. ஒரு மெசேஜ் போடலாம், உரசுதுடா, இன்னிக்கு முடியாது, அடுத்த வாரம். பொய்யில்லை. உரசத்தானே செய்கிறது. டைப் அடித்தான். அடித்ததைப் பார்த்தான், எவ்வளவு வசதியாக இருந்தது, மூச்சு லேசாக வந்தது, தோள் இறங்கியது, மத்தியானம் முழுக்கத் தேடின திருகாணி கையிலேயே இருந்த மாதிரி இருந்தது, அந்த வசதியைக் கண்டதும்தான் அனுப்பாமல் அழித்தான். மூக்கு இறங்கினால் மூக்கைத் தூக்கு. ஸ்பிரிங் தொய்கிறது, அதை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைத்தால் தொய்யாது, பிளாஸ்டிக் பைப்பில் நாலு மில்லி அகலத்துக்கு இரண்டு வளையம் அறுத்தான், ஓரிடத்தில் பிளந்தான், ஸ்பிரிங்கின் தலைக்கு மேல் ஒவ்வொரு பக்கமும் ஒன்றைக் கவ்வ வைத்தான். வண்டி மெல்ல மூக்கைத் தூக்கியது. திருப்பினான். மோட்டார் கூட்டின்மேல் ஏற்றினான், இரண்டு கூட்டை அடுக்கி ஏற்றினான், கையால் அமுக்கினான், முழு இடது, முழு வலது, முழு இடது. டயருக்கும் குடைக்கும் நடுவே சுண்டுவிரல் போய் வந்தது. வெட்டின இடத்து இடைவெளி, தூக்கின உயரம், உள்ளே போட்ட ரப்பர், எல்லாம் சேர்ந்துகொண்டது. சத்தம் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு தடவை திருப்பினான், உரசு, என்று கெஞ்சுகிற மாதிரி மெதுவாக, கடைசி நூல் வரை. உரசவில்லை. மூன்று ஐம்பது. இனி அவனுக்கு ஒரு வேலையும் இல்லை, போவதைத் தவிர.

சைக்கிள் மூன்று தெருவை எப்போது கடந்தது என்று தெரியவில்லை, வண்டி தோள்பையில் முதுகை இடித்துக்கொண்டே வந்தது, மாடிப்படி, செருப்பு ஸ்டாண்டு, புதுசாக வெள்ளையடித்த சுவர், வாசலில் நீலத் திரை, திரைக்குப் பின்னால் சாத்திய கதவு. தட்டினான். "யாரு?" சமையல்கட்டிலிருந்து. "சிபி." உள்ளே குழாய் நின்றது. "எந்த சிபி?" அந்தத் தெருவில், அந்த வீட்டுக்கு, வேறு சிபி கிடையாது. ஹெட்மாஸ்டரும் கண்டக்டரும் டாக்டரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள், ஒருவரையும் வெளியே விடாமல் எச்சிலோடு விழுங்கினான். "அன்னிக்கு ஃபோன்ல பேசுன சிபிங்க ம்மா." தாழ்ப்பாள் உடனே விலகவில்லை. விலகியபோது அல்தாஃபின் அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றார், அவன் நினைத்துவைத்திருந்த அளவு உயரமில்லை, கோபமாகவும் இல்லை, களைப்பாக இருந்தார். "மன்னிச்சிருங்க ம்மா" என்றான், கீச்சென்று வந்தது, யாருடைய குரலும் இல்லை. "ரெண்டு நாளு," என்றார் அவர். "ரெண்டே நாள்ல பாத்தவங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், அவரு வர்றாருன்னு. தையல்கார அக்கா, கீழ்வீட்டு அம்மா, பள்ளிவாசப் பக்கத்துல இட்லி விக்கிறவ. அப்பறம் ஒவ்வொருத்தர்கிட்டயா போயி இல்ல, வரலன்னு சொன்னேன். எப்பிடி இருந்திருக்கும்னு சொல்லு." "தெரியலீங்க ம்மா." "தெரியாது. உள்ள வா. பால்காரர் ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லல. இருபத்தஞ்சாந்தேதிலேருந்து ஒரு லிட்டர் சேத்து ஊத்துங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். தெனமும் கேக்குறாரு, பாய் எப்ப வர்றாரு, எப்ப வர்றாருன்னு. எனக்கு வாய் வரல. நாலேகாலுக்கு வருவாரு. நீ சொல்லு." "நானாங்க ம்மா?" "நீதான. எல்லாம் நல்லாப் பேசுவியே." நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார், குழாய் மறுபடி திறந்தது. அல்தாஃப் ஈரத்தலையோடு அறையிலிருந்து வந்தான், சிபியைப் பார்க்காமல் பையிலிருந்து வண்டியை வாங்கினான், தரையில் வைத்து, ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண்ணை மூடி, கையாலேயே சக்கரத்தை இடப்பக்கம் கடைசி வரை திருப்பினான். விளிம்பில் அறுபட்ட தன் பேரைப் பார்த்தான், கட்டைவிரலால் தடவினான். "உரசல," என்றான். "இல்ல." "ஃபு எங்கடா?" "கடையில கெடக்கு." அல்தாஃபின் உதடு ஒரு பக்கம் லேசாக இழுத்தது, சிரிப்பா என்று சொல்ல முடியாது, எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மணி நாலு பதினேழு. கீழே டிவிஎஸ் ஃபிஃப்டியின் சத்தம் வந்து நின்றது, கேன் மூடி இடித்தது, படியில் செருப்பு, ஒவ்வொரு படியாக. "அம்மோவ், பாலுங்கோ! பாய் டிக்கெட் போட்டாச்சுங்களா?" சமையல்கட்டில் யாரும் அசையவில்லை. சிபி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.